அயனியின் நேரத்துக்குள் கணக்குப் போடுவது எப்படி?

ஒரே ஒரு கால்சியம் அயனியை வெற்றிடத்துக்குள் மின்புலத்தால் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஒரு லேசரை 12 மைக்ரோ நொடி அடிக்க வேண்டும். பிறகு 100 மைக்ரோ நொடி தொடாமல் விட வேண்டும். மறுபடி 12 மைக்ரோ நொடி அடிக்க வேண்டும். அப்புறம் இன்னொரு லேசரைத் திறந்து அயனி ஒளிர்கிறதா என்று பார்க்க, வருகிற ஃபோட்டான்களை எண்ண வேண்டும். ராம்சே சோதனை என்று இதற்குப் பெயர். அணுக் கடிகாரங்களிலிருந்து குவாண்டம் கணினி வரை இந்த வரிசை ஏதாவது ஒரு வடிவத்தில் வந்துகொண்டே இருக்கும்.

ஒரு தடவை செய்தால் கிடைப்பது "ஒளிர்ந்தது" அல்லது "ஒளிரவில்லை" என்ற ஒற்றைப் பதில்தான். அதனால் இதையே நூற்றுக்கணக்கான தடவை திருப்பிச் செய்து, எத்தனை தடவை ஒளிர்ந்தது என்ற விகிதத்தைப் பார்ப்பார்கள். நடுவில் விட்ட இடைவெளி ஒரு தடவை 100 மைக்ரோ நொடி, அடுத்த தடவை 103 என்று ஆடினால் அந்த விகிதத்தை நம்பவே முடியாது.

மேசைக் கணினியில் பைத்தானில் நிரல் எழுதி இதைச் செய்துவிட முடியுமா? முடியாது. கணினி மெதுவானது என்பதல்ல காரணம். அதன் இயங்குதளம் நம் நிரலை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கப் போகும். சில மில்லி நொடி கழித்துத் திரும்பி வரும். சராசரியாகப் பார்த்தால் மிக வேகம்தான். ஆனால் சோதனைக்குச் சராசரி உதவாது. நிகழ்நேரக் கட்டுப்பாடு என்றால் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சொன்ன நேரத்தில் நடக்கும் என்ற உறுதி.

இந்த உறுதியைத் தருவதற்காகவே பிறந்த அமைப்புகளில் ஒன்று ஆர்ட்டிக். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் போல்டரில் உள்ள நிஸ்ட் ஆய்வு நிறுவனத்தின் அயனிச் சேமிப்புக் குழுவும், ஹாங்காங்கைச் சேர்ந்த எம்-லேப்ஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. 2012இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட டேவிட் வைன்லேண்ட் பணியாற்றிய அதே குழுதான். இன்று உலகின் பல அயனிப் பொறி (அயனியை மின்புலத்தால் பிடித்து வைக்கும் கருவி), குளிர் அணு ஆய்வகங்களில் ஆர்ட்டிக் ஓடுகிறது. இதன் ஆறாவது பதிப்பில் பல பரிமாண அர்ரேகளும் (எண்களை வரிசை, நெடுவரிசையாக அடுக்கி வைக்கும் அமைப்புகள்), சைன், கொசைன் போன்ற கணித ஃபங்ஷன்களும் ஆய்வகக் கருவிக்குள்ளேயே இயங்கும் வசதி வந்தது.

பைத்தான் தெரிந்தவர் இதைக் கேட்டதும் "இதெல்லாம் பைத்தானின் கணித நூலகமான நம்பையில் எப்போதோ இருக்கிறதே, இதில் என்ன பெரிய விஷயம்?" என்பார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு கணினி, இரண்டு கடிகாரம்

ஆர்ட்டிக்கில் எழுதும் நிரல் ஒரே கோப்பில் இருந்தாலும் ஓடுவது இரண்டு இடத்தில். ஒரு பகுதி நம் மேசைக் கணினியில் சாதாரணப் பைத்தானாக ஓடும். வரைபடம் போடுவது, தரவைச் சேமிப்பது எல்லாம் அங்கே. 'கெர்னல்' என்று குறியிட்ட ஃபங்ஷன்கள் மட்டும் தனியாகப் பிரிந்து, கம்பைலர் வழியாக இயந்திர மொழிக்கு மாறி, ஈதர்நெட் கம்பி வழியே ஆய்வகக் கருவிக்குப் போகும். காஸ்லி என்ற பலகையை எடுத்துக்கொள்வோம். அதன் நடுவில் எஃப்பிஜிஏ சிப் ஒன்று, அதாவது உள்ளே இருக்க வேண்டிய மின்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளக்கூடிய சிப் உண்டு. கெர்னலை ஓட்டும் சிறிய பிராசஸர் அந்தச் சிப்புக்குள்ளேயே வடிக்கப்பட்டிருக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கெர்னலில் "லேசரைத் திற" என்று எழுதினால் பிராசஸர் அந்த நொடியே லேசரைத் திறப்பதில்லை. "இந்த நேரத்தில் திற" என்று ஒரு நேர முத்திரை குத்தி, அந்தக் கட்டளையை வரிசையில் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். வரிசையைக் கவனிப்பது எஃப்பிஜிஏவில் இருக்கும் தனி மின்சுற்று. அதன் கடிகாரம் அந்த முத்திரையைத் தொடும்போது, நானோ நொடித் துல்லியத்தில் கட்டளை வெளியே போகும்.

ஆக, இரண்டு நேரங்கள் ஓடுகின்றன. ஒன்று, நாம் கட்டளைகளை எழுதிக்கொண்டே நகர்த்தும் நேரக்கோட்டு முள். இன்னொன்று, நிற்காமல் ஓடும் உண்மையான கடிகாரம். முள் எப்போதும் கடிகாரத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். எவ்வளவு முன்னால் இருக்கிறதோ அதை 'ஸ்லாக்' என்கிறார்கள். கையிருப்பு நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். கல்யாணப் பந்திக்குச் சமைப்பது போலத்தான். பத்தரைக்குப் பந்தி என்றால் சாம்பார் பத்து மணிக்கே இறங்கியிருக்க வேண்டும். இலை போட்ட பிறகும் கொதித்துக்கொண்டிருந்தால் எவ்வளவு ருசியாக இருந்தும் பயனில்லை. கடிகாரம் கடந்துபோன நேரத்துக்கு ஒரு கட்டளை வந்தால் ஆர்ட்டிக் அதை விழுங்கிவிடாது. 'அண்டர்ஃப்ளோ' என்ற பிழையை எழுப்பி நிரலை நிறுத்திவிடும். இது சரியான வடிவமைப்பு என்பது என் உறுதியான கருத்து. தாமதமான துடிப்பை ஓசையில்லாமல் அனுப்பித் தரவைக் கெடுப்பதைவிட நின்றுபோவது எவ்வளவோ மேல்.

கணக்குக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இங்கேதான். கெர்னலில் எழுதும் ஒவ்வொரு கூட்டலும் பெருக்கலும் பிராசஸரின் நேரத்தைச் செலவழிக்கிறது. நேரக்கோட்டு முள் நகராது, கடிகாரம் மட்டும் ஓடும், கையிருப்பு கரையும். அர்ரே வசதி என்பது ஒரே வரியில் நூறு பெருக்கல் செய்யும் வசதி. அதாவது ஒரே வரியில் கையிருப்பைக் காலி செய்யும் வசதியும்கூட.

கருவிக்குள் எதற்குக் கணக்கு?

"சரி, கணக்கையெல்லாம் மேசைக் கணினியிலேயே போட்டு விடையை மட்டும் கருவிக்கு அனுப்பினால் என்ன?" பல சோதனைகளுக்கு இது போதும், இதுதான் நல்ல வழியும்கூட. துடிப்பின் வடிவம் முன்கூட்டியே தெரியும் என்றால் அதன் மதிப்புகளை நம்பையில் கணக்கிட்டு அர்ரேயாகக் கொடுத்துவிடலாம்.

ஆனால் சோதனையின் அடுத்த அடி இந்த நொடியில் வந்த அளவீட்டைப் பொறுத்தது என்றால் கதை மாறிவிடும். கெர்னல் மேசைக் கணினியிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்க முடியும். ஆனால் கம்பி வழியே போய், பைத்தானை எழுப்பி, விடையோடு திரும்பி வருவதற்கு மில்லி நொடிக் கணக்கில் ஆகும். ராம்சே வரிசையின் இரண்டு துடிப்புக்கும் நடு இடைவெளிக்கும் சேர்த்து 124 மைக்ரோ நொடிதானே எடுத்தோம்! ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் மேசைக் கணினியைக் கேட்டால் சோதனைக்கு ஆகும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் பல மடங்காகிவிடும். அதற்குள் லேசர் அதிர்வெண் நகர்ந்திருக்கும், காந்தப்புலம் மாறியிருக்கும்.

நல்ல உதாரணம், வழிதவறிய மின்புலத்தைச் சரிசெய்வது. பொறியின் சுவர்களில் எங்காவது மின்னூட்டம் ஒட்டிக்கொண்டால் அது அயனியை அதன் சரியான இடத்திலிருந்து ஓரமாகத் தள்ளும். நகர்ந்த அயனி, பொறியை ஓட்டும் ரேடியோ அதிர்வெண்ணின் தாளத்துக்கு அதிரத் தொடங்கும். இதற்கு மைக்ரோமோஷன் என்று பெயர். எதிர்ப்புலம் கொடுத்து அயனியைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

தேவைப்படும் எதிர்ப்புலத்துக்கு மூன்று எண்கள்: எக்ஸ், ஒய், இசட் திசைகளில். ஆனால் நாம் மாற்றக்கூடியது மின்புலத்தை அல்ல, மின்முனைகளின் வோல்டேஜை. 30 மின்முனைகள் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று எண்ணிலிருந்து 30 எண்ணுக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த அணிப் பெருக்கல்தான் அது: 30 வரிசை, 3 நெடுவரிசை கொண்ட அணியை மூன்று எண்ணுள்ள திசையனால் பெருக்கினால் 30 வோல்டேஜும் கிடைத்துவிடும். அந்த அணியைப் பொறியின் வடிவத்திலிருந்து ஒருமுறை கணக்கிட்டு வைத்தால் போதும்.

ஆறாம் பதிப்புக்கு முன்பு இதைக் கெர்னலில் எழுத வேண்டுமானால் பட்டியலுக்குள் பட்டியல் வைத்து, லூப்புக்குள் லூப் எழுதிக் கூட்டிப் பெருக்க வேண்டும். முடியாதது இல்லை. ஆனால் இயற்பியலாளர் தாளில் எழுதிய சமன்பாடும் நிரலில் இருப்பதும் ஒன்றுபோலத் தெரியாது. தப்பு நுழைவது அந்த இடைவெளியில்தான். இப்போது அணி, பெருக்கல் குறி @, திசையன் என்று ஒரே வரி. அதே வரியை மேசைக் கணினியில் நம்பையோடு ஓட்டி, அயனி இல்லாமலேயே விடை சரியா என்று சோதித்துக்கொள்ளலாம். இந்த வசதியின் பெரிய லாபம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. விலையுயர்ந்த கருவியில் ஏற்றுவதற்கு முன்பே கணக்கைச் சரிபார்த்துவிட முடிகிறது.

கிடைத்த வோல்டேஜை அனுப்புவதிலும் அர்ரே உதவும். ஸோட்டினோ என்ற பலகையில் 32 வெளியீடுகள் உண்டு. ஒவ்வொன்றும் −10 முதல் +10 வோல்ட் வரை, 16 பிட் துல்லியம். 20 வோல்ட்டை 65,536 படிகளாகப் பிரித்தால் ஒரு படி சுமார் 0.3 மில்லிவோல்ட். வோல்டேஜைப் படி எண்ணாக மாற்ற அர்ரேயோடு 10ஐக் கூட்டி, 20ஆல் வகுத்து, 65,536ஆல் பெருக்கினால் போதும். ஒற்றை எண்ணை அர்ரேயோடு கூட்டினால் எல்லா உறுப்போடும் கூடிக்கொள்ளும்.

இடம் எங்கே?

மேசைக் கணினியில் அர்ரே உருவாக்கும்போது நாம் நினைத்தே பார்க்காத ஒரு கேள்வி உண்டு: அதற்கான நினைவகத்தை யார் தருகிறார்கள், யார் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்? பைத்தான் தானே இடம் தேடித் தரும். பயன்படாத குப்பையை அவ்வப்போது அள்ளும். எப்போது அள்ளும், எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நமக்குத் தெரியாது. நிகழ்நேரக் கருவியில் இந்தத் 'தெரியாது' ஆபத்தானது. இரண்டு லேசர் துடிப்புக்கு நடுவில் குப்பை அள்ளத் தொடங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் ஆர்ட்டிக் கெர்னலில் அந்த வழியே அடைக்கப்பட்டிருக்கிறது. அர்ரேயும் பட்டியலும் 'ஸ்டாக்' என்ற பகுதியில் இடம்பிடிக்கும். ஒரு ஃபங்ஷன் தொடங்கும்போது அடுக்கின் மேல் அதற்கென இடம் ஒதுக்கப்படும், முடிந்ததும் அந்த இடம் அப்படியே விடுபடும். தேடுவதும் இல்லை, அள்ளுவதும் இல்லை. எப்போதும் ஒரே செலவு.

இதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? பட்டியலை நீட்டிக்கொண்டே போக முடியாது. உருவாக்கும்போது எந்த நீளமோ அதுதான் கடைசிவரை. ஃபங்ஷனுக்குள் பிறந்த அர்ரேயை வெளியே திருப்பித் தரவும் முடியாது. ஃபங்ஷன் முடிந்தவுடன் அதன் இடம் போய்விடுகிறதே, யாருக்கு எதைத் தருவது? புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் இது. நம்பை பழக்கத்தில் "இந்த ஃபங்ஷன் வோல்டேஜ் அர்ரேயைத் திருப்பித் தரும்" என்று எழுதுவார்கள். கம்பைலர் ஏற்க மறுக்கும். அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்துக் கோபப்பட வேண்டாம். செத்துப்போன நினைவகத்தைப் படித்து மின்முனைக்கு ஏதோ ஒரு வோல்டேஜ் போகாமல் உங்களைக் காப்பாற்றுகிறது அது.

இதற்கு வழி எளியது. சோதனை தொடங்கும் முன், மேசைக் கணினிப் பகுதியிலேயே 30 சுழியம் கொண்ட அர்ரே ஒன்றை உருவாக்கிச் சோதனையின் பண்பாக வைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் அனுப்பப்படும்போது அதுவும் கூடவே போகும், ஓட்டம் முடியும்வரை உயிரோடு இருக்கும். கெர்னல் ஃபங்ஷன் விடையை அதற்குள் ஒவ்வொரு உறுப்பாக எழுதட்டும்.

அர்ரே உள்ளுக்குள் எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டால் நல்லது. 30க்கு 3 அணி என்றாலும் நினைவகத்தில் அது 90 எண்கள் வரிசையாக இருக்கும் ஒரே நீளத் துண்டுதான். கூடவே அதன் வடிவம், அதாவது 30, 3 என்ற இரண்டு எண்கள். ஐந்தாம் வரிசை, இரண்டாம் நெடுவரிசை என்று கேட்டால் வடிவத்தைப் பார்த்துக் கணக்கிட்டு நேராக அந்த இடத்துக்குப் போகும். பரிமாணம் எத்தனை, உறுப்புகள் முழு எண்ணா தசம எண்ணா என்பவை கம்பைல் நேரத்திலேயே முடிவாகிவிட வேண்டும். ஒவ்வொரு பரிமாணமும் எவ்வளவு நீளம் என்பது ஓடும்போது தெரிந்தால் போதும். அதனால்தான் இரு பரிமாண அர்ரே வாங்கும் ஃபங்ஷனுக்கு ஒரு பரிமாண அர்ரேயைக் கொடுத்தால் கருவிக்கு அனுப்பும் முன்பே பிழை வரும். பொருந்தாத நீளமுள்ள இரண்டு அர்ரேகளைக் கூட்டினால் மட்டும் ஓடும்போதுதான் தெரியவரும். நம்பையில் வழக்கமாகச் செய்யும் 'மூன்றாவதிலிருந்து பத்தாவது வரை' என்று துண்டெடுக்கும் வேலை ஆறாம் பதிப்பின் பல பரிமாண அர்ரேயில் சேர்க்கப்படவில்லை.

சைனுக்கு எவ்வளவு ஆகும்?

கணித ஃபங்ஷன்களைப் பற்றிப் பேசும்போது பிராசஸரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தொடக்க காலக் காஸ்லியில் எஃப்பிஜிஏவுக்குள் இருந்தது ஓப்பன்ரிஸ்க் வகைப் பிராசஸர். அதன் கடிகாரம் 125 மெகாஹெர்ட்ஸ். ஒரு சுழற்சிக்கு 8 நானோ நொடி. தசம எண்களைக் கையாளத் தனி மின்சுற்று அதில் கிடையாது. 2.5ஐ 1.7ஆல் பெருக்க வேண்டும் என்றால், அதை முழு எண் கட்டளைகளாக உடைத்து மென்பொருளே படிப்படியாகச் செய்யும். சைன் என்றால் அப்படிப்பட்ட பெருக்கல், கூட்டல் பல சேர்ந்தது.

நம் அணிப் பெருக்கலுக்கு வருவோம். 30 வோல்டேஜ், ஒவ்வொன்றுக்கும் 3 பெருக்கல், 2 கூட்டல். மொத்தம் 150 செயல்கள். ஒரு செயலுக்கு 100 சுழற்சி ஆகும் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால் 15,000 சுழற்சி, அதாவது 120 மைக்ரோ நொடி. ராம்சே சோதனையின் துடிப்புகளுக்கும் இடைவெளிக்கும் ஆன கிட்டத்தட்ட அதே நேரம்! தசமத்துக்கு மின்சுற்று இருந்து, ஒரு செயல் 10 சுழற்சியில் முடியும் என்றால் 12 மைக்ரோ நொடி. வரி ஒன்றுதான், ஓடும் பிராசஸரைப் பொறுத்து விலை பத்து மடங்கு மாறுகிறது.

ஆர்ட்டிக்கின் ஏழாம் பதிப்பில் ஓப்பன்ரிஸ்க்கை விட்டுவிட்டு ரிஸ்க்-ஃபைவ் வகைக்கு மாறினார்கள், காஸ்லி 2.0 பலகையில் தசம எண்ணுக்கான மின்சுற்றும் சேர்ந்தது. காஸ்லி-எஸ்ஓசி என்ற பலகையில் இன்னும் வேகமான ஆர்ம் பிராசஸர் சிப்பிலேயே இருக்கிறது. ஆகவே யாராவது "சைன் வேகமானதா?" என்று கேட்டால் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி: எந்தப் பலகையில்?

அர்ரே மேல் சைன் போட்டால் கம்பைலர் பின்னால் ஒரு லூப் எழுதுகிறது. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒருமுறை சைன் கணக்கிடப்படும். மேசைக் கணினியில் லூப்பைவிட அர்ரே பல மடங்கு வேகம் என்று பழகியிருப்போம். அங்கே பைத்தான் லூப் மிக மெதுவாக இருப்பதால் வரும் வேறுபாடு அது. கெர்னலில் லூப்பும் இயந்திர மொழிதான், அர்ரேயும் இயந்திர மொழிதான். எனவே இங்கே வேகத்துக்காக அர்ரேயைத் தேடாதீர்கள், தெளிவுக்காகப் பயன்படுத்துங்கள்.

ஒரு முழு எண் பொறி

நேர முத்திரைகளை அர்ரேயில் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கெர்னலில் முழு எண்ணுக்கு இரண்டு அளவு உண்டு: 32 பிட், 64 பிட். சும்மா எழுதும் சிறிய எண் 32 பிட்டாகவே எடுத்துக்கொள்ளப்படும். அதில் அடங்கும் மிகப்பெரிய எண் சுமார் 214 கோடி. கடிகாரம் நானோ நொடியில் எண்ணுகிறது. 214 கோடி நானோ நொடி என்பது வெறும் 2.1 நொடி. சோதனை தொடங்கி இரண்டு நொடிவரை எல்லாம் சரியாக இருந்து, அதற்கப்புறம் எண் சுற்றிக்கொண்டு எதிர்மறைக்குப் போய்விட்டால் காரணத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. நேர முத்திரை என்றால் 64 பிட் அர்ரேதான்.

தசம எண்ணாக வைத்தால்? 53 பிட் வரை முழு எண்களை அப்படியே தாங்கும். நானோ நொடியில் அது சுமார் 104 நாள். ஒரு சோதனைக்குத் தாராளம். ஆனால் வகுத்தும் பெருக்கியும் வந்த எண்ணில் பின்னத் துணுக்கு ஒட்டியிருக்கும், அதைக் கடைசியில் முழு எண்ணாக மாற்றியாக வேண்டும். 1 ஜிகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓடும் 32 பிட் அதிர்வெண் உருவாக்கியிலும் (எண்ணாகக் கேட்ட அதிர்வெண்ணை உருவாக்கித் தரும் சிப்) இதே கதைதான். 80 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் அனுப்ப வேண்டிய எண் 34,35,97,383.68. சிப்புக்கு .68 தெரியாது. 384 என்று முடிக்கிறோமா, 383 என்று வெட்டுகிறோமா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு படிக்கு 0.23 ஹெர்ட்ஸ் வேறுபடும்.

எங்கே கணக்குப் போடுவது?

முதலில் கேட்க வேண்டியது, இந்த எண் சோதனை தொடங்கும் முன்பே தெரியுமா என்பது. தெரியும் என்றால் மேசைக் கணினியில் முடித்துவிடுங்கள். அளவீட்டைப் பார்த்த பிறகுதான் தெரியும் என்றால், இரண்டு தடவைக்கு நடுவில் அயனியை லேசரால் குளிர்விக்கும் நேரம் இருக்கிறதே, அங்கே கணக்கை வையுங்கள். குளிர்விக்கும் லேசரைத் திறக்கும் கட்டளையையும் மூடும் கட்டளையையும் முன்கூட்டியே வரிசையில் போட்டுவிட்டால், அது ஓடிக்கொண்டிருக்கும்போது பிராசஸர் சும்மாதான் இருக்கும். மின்முனை வோல்டேஜை மாற்றவும் அதுதான் தோதான சமயம். துடிப்புகளுக்கு நடுவிலேயே கணக்குப் போடுவது கடைசி வழி. நடுவிலேயே முடிவெடுக்க வேண்டிய சோதனைகளும் உண்டு. அங்கே எண்ணிக்கையைக் குறைத்து, சைனுக்குப் பதில் முன்பே கணக்கிட்ட அட்டவணையை அர்ரேயாக வைத்து, தேவையான உறுப்பை எடுத்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு ஆகிறது என்று ஊகிக்கவும் வேண்டாம். உண்மைக் கடிகாரம் இப்போது எங்கே நிற்கிறது என்று கெர்னலிலிருந்தே படிக்கலாம். கணக்குக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை படித்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். அயனி இல்லாமல், லேசர் இல்லாமல், பலகை மட்டும் இருந்தால் போதும். நூறு தடவை ஓட்டி, வந்ததில் மிக அதிகமான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், சராசரியை அல்ல. அதைவிடத் தாராளமாக ஒரு தாமதத்தைக் கணக்குக்கு முன்னால் எழுதிவிட்டால், முள் அந்த அளவு முன்னே நகர்ந்துவிடும். கணக்கு முடியும்போது கடிகாரம் இன்னும் பின்னால்தான் இருக்கும்.